ஓகேயா, கேன்சலா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரை மிரள வைப்பது வைரஸ் அல்ல. திரையின் நடுவே திடீரென்று முளைக்கும் சின்னப் பெட்டிதான். 'கேன்சல் செய்யவா?' என்று கேட்கும். கீழே 'ஓகே', 'கேன்சல்' என இரண்டு பட்டன்கள். கேன்சல் செய்ய எதை அழுத்துவது? இங்கே தடுமாறினால், "நமக்கு கம்ப்யூட்டர் வராது" என்று நொந்துகொள்ளாதீர்கள். தவறு அதை எழுதிய புரோகிராமருடையது.

1998-ல் வந்த விண்டோஸ் 98-ல் ஒரு புரோகிராம் செயலிழந்தால், அது 'இல்லீகல் ஆபரேஷன்' செய்துவிட்டதால் மூடப்படும் என்று செய்தி வரும். பிராசசர் ஏற்க முடியாத ஏதோ ஒன்றை அந்த புரோகிராம் செய்யப் பார்த்தது, அவ்வளவுதான். ஆனால் வீட்டில் லெட்டர் டைப் செய்துகொண்டிருந்தவருக்கு? போலீஸ் வந்துவிடுமோ என்றுதானே தோன்றும்! 2001-ல் எக்ஸ்பி வந்தபோது வாசகம் மாறியது. சிக்கல் ஏற்பட்டதால் மூட வேண்டியிருக்கிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றது. புரோகிராம்கள் அப்போதும் செயலிழக்கத்தான் செய்தன. பயம் மட்டும் குறைந்தது.

1980-களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் லிசா கம்ப்யூட்டரை உருவாக்கியபோது, பட்டனில் 'டூ இட்' என்றுதான் எழுதியிருந்தார்கள். புதியவர்களை உட்கார வைத்துச் சோதித்ததில், ஒருவர் அதைச் சேர்த்து 'டோல்ட்' (மடையன்) என்று படித்துக் கோபித்துக்கொண்டாராம். அப்புறம்தான் அது 'ஓகே' ஆனது. அந்தச் சோதனையை நடத்தினார்களே, அதைத்தான் நான் மெச்சுவேன்.

இன்ஜினியரிங் படித்த நான்கு வருடத்தில் சி, ஜாவா, டேட்டாபேஸ் எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பட்டனில் என்ன எழுதுவது என்பதற்கு ஒரு வகுப்புகூட இல்லை. இத்தனைக்கும் இது ஒரு மதியத்தில் கற்றுத்தரக்கூடிய விஷயம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நீங்கள் எழுதிய செய்தியை வீட்டுக்கு போன் போட்டு அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். "அதுக்கு நான் என்னப்பா பண்ணணும்?" என்று கேட்டால் திருப்பி எழுதுங்கள். 'இன்வேலிட் இன்புட்' என்று எழுதாமல், 'பின்கோடில் 6 எண்கள் வேண்டும்; 5 தான் இருக்கிறது' என்று எழுதலாமே! 'யெஸ்', 'நோ' வேண்டாம். 'அழி', 'அழிக்காதே' என்று போடுங்கள்.

நீங்களும் உதவலாம். புரியாத பெட்டி வந்தால் அவசரமாக ஓகே அழுத்தாதீர்கள். விண்டோஸ் 10, 11-ல் விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, மவுசால் அந்தப் பெட்டியைச் சுற்றிக் கோடிழுத்தால் அது படமாகிவிடும். அந்த சாப்ட்வேர் நிறுவனத்துக்கு அனுப்பும் இமெயிலில் அதை பேஸ்ட் செய்து, 'இது புரியவில்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதினாலும் சரிதான்.