கீழே விழக்கூடாத தலை

இந்த வாரம் கைக்கு வந்த ஒரு நாவலின் பின்னட்டை என்னைக் கோபப்படுத்திவிட்டது. நம் இதிகாசத்தை மூடநம்பிக்கைகளிலிருந்து மீட்டு, இன்றைய தலைமுறை நம்பும்படியான ஃபேன்டஸியாக முதன்முறையாகத் தருவதாக அதில் அச்சிட்டிருக்கிறார்கள். எழுதியவர் இளைஞர். இது அவருடைய முதல் புத்தகம். பின்னட்டை வாசகம் பெரும்பாலும் எழுத்தாளர் கையில் இருப்பதில்லை என்பதால் அவர் பெயரைச் சொல்லவில்லை. உரையாடல் எழுதத் தெரிந்தவர். போர்க்களக் காட்சிகளை மூச்சு விடாமல் படிக்க வைக்கிறார். ஆனால் நாவல் முழுக்க ஒரு விளக்கம் குறுக்கே வந்துகொண்டே இருக்கிறது. அஸ்திரம் என்றால் ஏவுகணை, அதற்கு எரிபொருள் இன்னது. மாயை என்றால் கண்ணாடிகளை வைத்துச் செய்த ஏற்பாடு. அசரீரி என்றால் சுவருக்குள் பதித்த குழாய் வழியாக வந்த குரல். ஒவ்வோர் அற்புதமும் வாசலில் நிறுத்தப்பட்டு, அடையாள அட்டையைக் காட்டிய பிறகே உள்ளே விடப்படுகிறது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழைய வழக்கு நினைவிருக்கும். புஷ்பக விமானத்தை வைத்து நம் முன்னோர் வானூர்தி ஓட்டினார்கள் என்று நிறுவ முயன்ற ஒரு சொற்பொழிவைப் பற்றி இங்கே எழுதியபோது கடிதங்களில் வசவு நிறைய வந்தது. அன்று அறிவியலின் பக்கம் நின்று பேசினேன். இன்று கதையின் பக்கம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

'முதன்முறை' என்பதை முதலில் முடித்துவிடலாம். சசி தரூர் 1989-இல் மகாபாரதத்தை இந்திய அரசியல் வரலாற்றின்மேல் பொருத்தி ஒரு நாவல் எழுதினார். அசோக் பாங்கர் 2003-இல் ராமாயணத்தை அசல் ஃபேன்டஸித் தொடராகவே ஆங்கிலத்தில் தொடங்கினார். 2010-இல் அமீஷ் திரிபாதியின் மெலூஹா நாவல் வந்தது. 2012-இல் ஆனந்த் நீலகண்டன் ராவணன் பக்கத்துக் கதையை எழுதினார். கடைசியாகச் சொன்ன இருவரின் நாவல்களும் தமிழிலும் கிடைக்கின்றன. தமிழில் ஜெயமோகன் 2014-இல் தொடங்கி 2020 வரை, ஏறக்குறைய நாள்தோறும் எழுதி, வெண்முரசை 26 நாவல்களாக முடித்தார். ஆக, அந்த வரிசை நீளமானது. அதன் வாலில் நிற்பதில் ஒரு குறைவும் இல்லை.

மெலூஹாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வகை எழுத்துக்கு இந்தியாவில் பெரும் வாசகர் கூட்டத்தைத் திரட்டிக்கொடுத்த புத்தகம் அது. புத்தகமே தொடாத எத்தனையோ பிள்ளைகளை அது படிக்க வைத்தது. அதை நான் மதிக்கிறேன். கதையில் சிவன் திபெத்துப் பக்கத்து மலைக்குடி ஒன்றின் தலைவன். காலம் கி.மு. 1900. சிந்துவெளி நகரங்களில் வாழ்பவர்கள் சோமரசம் குடித்து நூறு வயதைத் தாண்டியும் இளமையாக இருக்கிறார்கள். பிராணவாயு உடலை அரிக்கிறது, சோமரசம் அதைத் தடுக்கிறது என்று ஒரு பாத்திரம் பாடமே நடத்துகிறது. நாகர்கள் உடற்குறையோடு பிறந்ததால் ஒதுக்கப்பட்ட மனிதர்கள். சிவன் சோமரசம் குடிக்கிறான், கழுத்து நீலமாகிறது, மீட்பன் வந்துவிட்டான் என்று நாடு கொண்டாடுகிறது.

என் மனக்குறை அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. பாற்கடலிலிருந்து ஆலகாலம் எழுந்தபோது தேவரும் அசுரரும் ஒருசேரச் சிதறி ஓடினார்கள். அமுதத்துக்காகக் கயிறு பிடித்தவர்களில் ஒருவர்கூட நஞ்சுக்கு முன்னால் நிற்கவில்லை. அமுதத்தில் பங்கு கேட்காத ஒருவன் நஞ்சை வாங்கிக் குடித்தான். கீழே இறங்கினால் அவன் அழிவான், வெளியே துப்பினால் உலகம் அழியும். இரண்டுக்கும் நடுவில் அது நின்ற இடம் நீலமானது. இந்தக் கதையில் கழுத்தின் நிறம் ஒரு செயலின் தழும்பு. நாவலில் அதே நிறம் ஒரு பானம் உடம்பில் வேலை செய்ததன் அறிகுறியாகிவிடுகிறது. விளக்கம் கிடைத்துவிட்டது, தழும்பு போய்விட்டது.

அற்புதத்தை எடுத்துவிட்டு எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எஸ்.எல். பைரப்பா 1979-இல் கன்னடத்தில் 'பர்வா' எழுதினார். பாவண்ணன் மொழிபெயர்ப்பில் 'பருவம்' என்று தமிழுக்கு வந்தது. அதில் வரமும் இல்லை, சாபமும் இல்லை. மூட்டு வலியோடு போருக்குப் போகும் கிழவர்களும், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்களும், நாறும் போர்க்களமும்தான் இருக்கின்றன. எம்.டி. வாசுதேவன் நாயர் 1984-இல் 'ரண்டாமூழ'த்தில் பீமனை அப்படித்தான் பார்த்தார். இருவரும் தெய்வங்களை வெளியே அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த மனிதர்களின் முகத்தைக் கடைசிவரை பார்த்தார்கள். வெளியே அனுப்பிய இடத்தில் ஒரு பொறியாளரைக் கொண்டுவந்து உட்கார வைக்கவில்லை.

நம் கதைகளின் மந்திரத்துக்கு ஒரு சட்டம் உண்டு என்பதை விளக்கக்காரர்கள் கவனிப்பதே இல்லை. வரம், சாபம், சபதம் என்ற மூன்றும்தான் அந்தச் சட்டம். கொடுத்தவனாலும் அவற்றைத் திரும்ப வாங்க முடியாது. வாசகங்களுக்கு நடுவில் இருக்கும் இடுக்கில்தான் நுழைய முடியும். பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை என்று இரணியன் வாங்கிய வரத்துக்கு அந்தி ஓர் இடுக்கு. வெளியே இல்லை, உள்ளே இல்லை என்பதற்கு வாசற்படி ஓர் இடுக்கு. இரணியனின் கோட்டையை மின்காந்த வேலி என்று மாற்றி எழுதினால் அந்தியும் வாசற்படியும் வெறும் நேரமும் இடமுமாகிவிடும்.

சட்டத்தை மாற்றாமல் கதையை மாற்றுவதுதான் கடினமான வேலை. புதுமைப்பித்தன் 1943-இல் 'சாபவிமோசன'த்தில் அதைச் செய்தார். அகலிகை கல்லானது ஒரு குறியீடுதான் என்று அவர் சொல்லவில்லை. கல் கல்லாகவே இருக்கிறது, ராமன் கால் தூசு பட்டுப் பெண்ணாகிறது. சீதையை அவன் தீயில் இறங்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டதும் மறுபடி கல்லாகிறது. சாபத்தை அவர் நம்பியதால்தான் அந்த முடிவு இன்றைக்கும் சுடுகிறது. ரோஷணி சோக்‌ஷி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2018-இல் சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஆரூ ஷா தொடரையும் எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான். அட்லாண்டா நகரத்து அருங்காட்சியகத்தில், ஏற்றக்கூடாத விளக்கை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் ஏற்றிவிடுகிறாள். பாண்டவர்கள் இந்தத் தலைமுறையில் பெண் பிள்ளைகளாக மறுபிறவி எடுத்திருக்கிறார்கள். விளக்குக்குள் என்ன எரிந்தது என்று அவர் ஒரு வரிகூட விளக்குவதில்லை.

மறுபிறவி என்றதும் எனக்குச் செஞ்சி நினைவுக்கு வந்துவிடுகிறது. நான் உண்மையில் எழுத நினைத்தது அதைத்தான்.

வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரத்தைத் தேட வேண்டும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பிரித்துச் சொல்லச் சொல்ல, அதே கதை இரவில் அரிதாரம் பூசி வருகிறது. பதினெட்டாம் போர் அன்று படுகளத்தில் துரியோதனன் மண்ணில் மாபெரும் உருவமாகக் கிடக்கிறான். அவன் தொடையில் அடி விழுந்த பிறகுதான் அம்மன் கூந்தல் முடிக்கிறாள். அப்புறம் தீமிதி. செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி இந்தக் கோயில்களுக்கெல்லாம் மூல இடம் போன்றது. பழைய செஞ்சி என்பார்கள். அங்கே சொல்லப்படும் கதையில் பாரதப் போர் முடிந்த பிறகு திரௌபதி இரண்டாம் முறை வருகிறாள்.

சொல்பவரைப் பொறுத்து விவரம் மாறும், எலும்பு இதுதான். பாண்டவர் வழியில் வந்த சுனிதன் என்ற அரசன் செஞ்சியை ஆள்கிறான். நூறு தலை அசுரன் ஒருவன் நாட்டை வதைக்கிறான். அரசன் திரௌபதியை வேண்டுகிறான். அவள் மறுபடி தீயிலிருந்து எழுந்து வருகிறாள், அசுரனின் தலைகளை வெட்டுகிறாள். ஆனால் அவனுக்கு ஒரு வரம் இருக்கிறது. அவனுடைய கடைசித் தலையை யார் தரையில் விழ விடுகிறாரோ, அவர் தலை வெடித்துவிடும்.

பாரதம் தெரிந்தவர்களுக்கு இந்த வரம் எங்கிருந்து வந்தது என்று புரிந்திருக்கும். சிந்து நாட்டு ஜயத்ரதனுடையது அது. மகன் தலையைத் தரையில் வீழ்த்துகிறவனின் தலை நூறாகச் சிதறட்டும் என்று அவன் தகப்பன் வாங்கி வைத்த வரம். அங்கே கண்ணன் சொன்னபடி அர்ச்சுனன் அம்புகளால் தலையை ஏந்திச் சென்று, அந்திக்கடன் செய்துகொண்டிருந்த தகப்பன் மடியிலேயே இறக்குகிறான். தகப்பன் எழுந்திருக்கிறார், தலை கீழே விழுகிறது, அவர் தலையே சிதறுகிறது. அதற்குமேல் சாமர்த்தியமான தீர்வு இருக்க முடியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

செஞ்சிக் கதைசொல்லி அதே வரத்தை எடுத்துக்கொண்டு வேறொரு கேள்வி கேட்டிருக்கிறார். மடியேந்த ஒரு தகப்பன் அங்கே இல்லையென்றால்? அப்போது யாராவது ஒருவர் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு, ஓர் ஆண்டுக்கு என்று இல்லை. எப்போதும். அந்த வேலைக்கு வந்தவன்தான் போத்துராஜா. திரௌபதி அம்மன் கோயில்களில் அவள் சன்னிதிக்கு எதிரே காவல் நிற்கிறான். ஒரு கையில் ஆயுதம், இன்னொரு கையில் வெட்டிய தலை. அதைக் கீழே வைக்க அவனால் முடியாது.

இதை எழுதியவர் யார் என்று பெயர் இல்லை. பாரதத்தின் சட்டத்தை ஒரு எழுத்துகூட மீறாமல், அதற்கு இதுவரை இல்லாத ஒரு விடையைக் கண்டுபிடித்து, அந்த விடைக்கு ஒரு மனிதனின் காலம் முழுவதையும் விலையாக வைத்து, ஊர்க்கோயிலில் நிற்கும் ஒரு சிலைக்குக் காரணமும் சொல்லிவிட்டார். உலகத்தின் எந்த ஃபேன்டஸி எழுத்தாளரும் இப்படி ஒன்று தனக்குத் தோன்றியிருக்கக்கூடாதா என்று ஏங்குவார்.

அந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. போத்துராஜாவுக்கு முன்கதை ஒன்று இருக்கிறது. அவனிடம் இருக்கும் வீரபம்பை, வீரசாட்டை, வீரகந்தம் முதலிய பொருள்கள் இல்லாமல் பாண்டவர்கள் போரில் ஜெயிக்க முடியாது. கண்ணன் கிழவி வேடத்திலும் அர்ச்சுனன் இளம்பெண் வேடத்திலும் அவன் நாட்டுக்குப் போகிறார்கள். அர்ச்சுனனைப் பார்த்து அவன் மயங்குகிறான், பொருள்களை இழக்கிறான். ஏமாற்றியதற்கு ஈடாகப் பாண்டவர்கள் தங்கள் தங்கையை அவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். வியாசருக்குத் தெரியாத தங்கை அவள். ராமாயணப் பக்கம் போனால் மயில் இராவணன் கதை. வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. பெரிய எழுத்துப் புத்தகமாகவும் கூத்தாகவும் தலைமுறை தலைமுறையாக ஓடியது. அனுமன் வாலையே கோட்டையாக வளைத்து ராம லட்சுமணர்களைக் காக்கிறான். மயில் இராவணன் விபீடணன் உருவில் வந்து அதற்குள் நுழைந்து இருவரையும் பாதாளத்துக்குத் தூக்கிப்போகிறான். தேடிப்போகும் அனுமனை வழியில் மறித்துச் சண்டை போடுபவன், அவனுக்கே தெரியாமல் மீன் வயிற்றில் பிறந்த அவன் மகன். மயில் இராவணன் உயிர் உடம்பில் இல்லை, வண்டுகளில் இருக்கிறது. அல்லி அரசாணி மாலையைப் பற்றி இங்கே பலமுறை எழுதிவிட்டேன். தூங்கும் அல்லிக்கு அர்ச்சுனன் தாலி கட்டும் அந்த இடம் ஒவ்வொரு முறையும் என்னை உறுத்துகிறது என்பதையும், அதற்குப் பிறகு அவள் கொள்ளும் கோபத்துக்காகவே நான் திரும்பப் படிக்கிறேன் என்பதையும் சேர்த்துத்தான்.

திரௌபதி, போத்துராஜா கதைகளை ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் செஞ்சி வட்டாரத்தில் அலைந்து, கூத்தர்களையும் பிரசங்கியார்களையும் கேட்டுக் கேட்டு எழுதினார். திரௌபதி வழிபாடு பற்றிய அவருடைய நூலின் முதல் தொகுதி 1988-இலும் இரண்டாவது 1991-இலும் வந்தன. நம் இளம் எழுத்தாளர்களின் மேசைமேல் அவை இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதைவிட, அவர்களே ஒரு சித்திரை, வைகாசியில் அந்த ஊர்களுக்குப் போய், கூத்து முடிந்து விடியும்வரை உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கட்டியங்காரன் அர்ச்சுனனையே நிறுத்தி, இந்த ஊர் ரோடு எப்போது போடுவார்கள் என்று கேட்பான். அடுத்த நொடியில் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், கீழே பெண்கள் கை கூப்புவார்கள். பழையதும் இன்றையதும் அங்கே ஒன்றையொன்று விளக்கிக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

நான் படிக்க ஆசைப்படும் நாவல் போத்துராஜாவினுடையது. பெண் வேடத்தில் ஏமாந்து, சொத்தை இழந்து, ஏமாற்றியவர்களின் தங்கையையே மணந்து, கடைசியில் அவர்கள் வீட்டுப் பெண்ணுக்காக ஒரு தலையைச் சுமந்து நிற்கும் ஒருவன். அந்தத் தலை அவனோடு பேசுமா? கை மாற்றிக்கொள்ள யாராவது வந்திருப்பார்களா? தான் இறக்கிவைத்தால் வெடிக்கப்போவது யார் தலை என்று அவனுக்குத் தெரியும். கோபம் வந்த நாளில் என்ன செய்தான்? இத்தனைக்கும் ஏவுகணை ஒன்றும் தேவையில்லை.

அவனுக்குத் துணையும் இருக்கிறது. அதே திரௌபதி அம்மன் கோயில்கள் பலவற்றில் முத்தால ராவுத்தர் என்ற இசுலாமியக் காவல் வீரரும் நிற்கிறார், பூசையும் பெறுகிறார். குருக்ஷேத்திரத்துக்குப் பிறகான கதைக்குள் ஒரு ராவுத்தர் எப்படி வந்தார் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.