சாதி கேட்காத வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கூட

எந்த ஊரில் செலவு குறைவு, எந்த ஊரில் வசதி அதிகம் என்று கணக்குப் போடுகிறவர்களைக் கேட்கிறேன்: யாருக்கு?

2021 மார்ச்சில் ஒன்றிய அரசு வெளியிட்ட பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் எளிதாக வாழ பெங்களூர் முதலிடம், சென்னை நாலாவது. கல்வி, மருத்துவம், வீடு, போக்குவரத்து என 13 இனங்களில் அளந்தார்கள். அந்த 13இல் சாதி இல்லை.

சென்னை வாடகை கட்டாது என்று ஊரப்பாக்கம் வந்தேன். ஸ்டேஷன் பக்கம் மூன்று வீடு பார்த்தேன். வாடகை சொல்லுமுன்னே, "நீங்க என்ன ஆளுங்க?" சொன்னேன். "சொந்தக்காரங்க வர்றாங்க, வீடு இல்ல." டுலெட் போர்டு மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. நாலாவது வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. பக்கத்துப் போர்ஷனைவிட ஐந்நூறு கூடச் சொன்னார். "அவங்களுக்கு வேற எவன் தருவான்" என்று அவர் தரகரிடம் சொன்னது பிறகு காதுக்கு வந்தது.

1917இல் பரோடாவில் தடியோடு வந்து அண்ணல் அம்பேத்கரை விடுதியிலிருந்து விரட்டினார்கள். கொலம்பியாவில் படித்த படிப்பு அவருக்கு ஓர் அறை வாங்கித் தரவில்லை. என் எம்.ஏ. தமிழா வாங்கித் தரும்?

கிராமத்தில் சேரி கண்ணுக்குத் தெரியும். நகரத்தில் அது வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த ஐந்நூறையும் கணக்கில் சேருங்கள். அப்புறம் சொல்லுங்கள், எது வாழத்தக்க ஊர் என்று.