பெட்டிக்குள் உறங்கும் நமது முதல்

தறி ஒன்று பாவு இன்றிச் சும்மா நின்றால் நெசவாளியின் கண் அதனை உடனே காணும். வாய்க்கால் மடை ஒன்று அடைபட்டிருந்தால் பயிரிடுவோர் அன்றைக்கே அறிவர். ஆனால் சங்க அலுவலகச் சுவரில் மாட்டியுள்ள டெலிபோன் பெட்டிக்குள் எத்தனை இணைப்புகள் வீணே கிடக்கின்றன என்பதை எவரும் பார்ப்பதில்லை. அப்பெட்டியும் அங்கத்தினர்களின் பணத்தால் வாங்கப்பட்ட முதலே என்பதை நினைவூட்டவே இதனை எழுதுகின்றோம்.

நெல்லித்தோப்பில் சங்க அலுவலகம் ஒன்றைப் பார்வையிட அண்மையில் சென்றிருந்தோம். நிர்வாகக் குழுவின் தீர்மானம் ஒன்று எம் பார்வைக்கு வந்தது. நூல் கிடங்குக்கும் கடன் பிரிவுக்கும் டெலிபோன் தேவை; பழைய பெட்டியில் இடமில்லை; ஆகவே புதிய பெட்டி வாங்கலாம் என்பது அதன் சாரம். இடமில்லை என்பதை எவ்வாறு அறிந்தீர்கள் என வினவினோம். காரியதரிசி சற்று யோசித்து, "முன்பு பழுது பார்க்க வந்தவர் சொன்னார், சார்" என்றார். அது எந்த ஆண்டு என்பதை அங்கே ஒருவரும் அறியார். அதன் பின்னர்ப் பிரிவுகள் இடம் மாறியிருந்தன. ஊழியர் சிலர் ஓய்வு பெற்றிருந்தனர்.

அன்று காலை ஓர் அம்மையார் பாவு நூல் வந்ததா என்று கேட்பதற்காகவே வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். நூல் வரவில்லை. கிடங்கில் டெலிபோன் இருந்திருப்பின் அவருக்கு அரைநாள் கூலியும் பஸ் கட்டணமும் மிஞ்சியிருக்கும். ஆகவே டெலிபோன் தேவை என்பதில் எமக்கு ஐயமில்லை. புதிய பெட்டி தேவையா என்பதே கேள்வி.

சென்னையில் 1882-ஆம் ஆண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சு தொடங்கிய காலத்தில், இணைப்பு யாவும் ஆளின் கையாலேயே நடந்தது. எந்தத் துளை காலி என்பது பலகையின் முன் அமர்ந்தவருக்குக் கண்கூடு. பின்னர் வந்த தானியங்கிக் கருவிகள் அப்பலகையைப் பெட்டிக்குள் மறைத்துவிட்டன. கருவி வளர்ந்தது, கணக்கு மறைந்தது.

பெட்டிக்குள் அட்டைகள் செருகப்பட்டுள்ளன. ஒவ்வோர் அட்டையிலும் சில போர்ட்டுகள், அதாவது இணைப்பு வாய்கள் உண்டு. ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு ஜோடிக் கம்பி, பக்கத்திலுள்ள விநியோகப் பலகைக்குச் சென்று, அங்கிருந்து அறைகளுக்குப் பிரிகிறது. மேஜைமேல் உள்ள டெலிபோன்களை எண்ணினால் வாய்களின் கணக்குத் தெரியாது. மேஜையிலிருந்து கருவியை எடுத்துவிட்டாலும் வாய் அப்படியே இருக்கும்.

எண்களைச் சுழற்றிப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பர். போதாது. சாதாரண டெலிபோனுக்குரிய வாயில் கருவியே இல்லாவிடினும், அழைப்பவர் காதில் மணி ஒலிப்பதுபோலவே கேட்கும்; மறுமுனையில் ஒன்றுமில்லை என்பதைப் பெட்டி அறியாது. பெட்டியோடு சேர்ந்து வரும் பல பொத்தான் கருவிகளுக்குரிய டிஜிட்டல் வாய் வேறு வகை. சாதாரண டெலிபோனை அதில் மாட்டினால் ஊமையாக இருக்கும். அதனால் அவ்வாய் பழுது என்று முடிவு செய்துவிடலாகாது.

ஆகவே முதலில் அட்டைகளையும் வாய்களையும் எண்ணுக. அடுத்து, எந்த வாய்க்கு எந்த எண் என்னும் பட்டியலைப் பெட்டியின் நிரலிலிருந்து எடுத்து வைக்க. பின்னர், விநியோகப் பலகையில் ஒவ்வொரு ஜோடியாகச் சோதிக்க. சாதாரண வாய்க்குச் சாதாரணக் கருவி, டிஜிட்டல் வாய்க்கு அதற்குரிய கருவி. ஒலி கேட்டால், அங்கிருந்து வரவேற்பு மேஜையை அழைத்து, அங்கே தோன்றும் எண்ணைக் குறிக்க. தொழில் தெரிந்த மெக்கானிக்கே இதனைச் செய்ய வேண்டும். மணி அடிக்கும் நேரத்தில் அக்கம்பியில் வரும் மின்னழுத்தம் கையை உதறச் செய்யும்.

யாரும் பேசாத கம்பியை உடனே பிடுங்கிவிடவும் கூடாது. பேக்ஸ், லிப்ட், திருட்டு எச்சரிக்கை மணி ஆகியவை அக்கம்பியை நம்பியிருக்கலாம். சீட்டுக் கட்டி, ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தல் நன்று.

நெல்லித்தோப்பில் அரைநாளில் வேலை முடிந்தது. மொத்தம் 24 வாய்கள். அவற்றுள் 17 புழக்கத்தில் இருந்தன, 2 பழுது, 5 காலி என்று தோன்றின. அந்த ஐந்தில் ஒன்று எப்போதோ ஒருமுறை பயன்படும் பேக்ஸ் கம்பி என்று கணக்கர் ஓடிவந்து கூறினார். எஞ்சிய நான்கில் இரண்டு, கிடங்குக்கும் கடன் பிரிவுக்கும் சென்றன. கம்பிக்கும் கூலிக்கும் இரு கருவிகளுக்கும் மட்டுமே செலவு.

பழைய பெட்டிக்கு உதிரிப் பாகம் கிடைப்பது அரிது, எப்படியும் மாற்ற வேண்டியதே என்று வாதிப்போர் உண்டு. அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் புதியதை வாங்கும்போதும் எத்தனை வாய் தேவை என்பது தெரிய வேண்டாமா? கணக்கின்றி வாங்கினால் புதிய பெட்டியிலும் பாதி உறங்கும். மேலும், வெளியிலிருந்து அழைப்போர்க்கு எந்நேரமும் "என்கேஜ்டு" ஒலியே கேட்கிறதெனில், அக்குறையை உள் எக்ஸ்டென்ஷன்கள் தீர்க்கமாட்டா; அதற்கு வெளி லைன் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் செலவிட்டால் குறையும் நிற்கும், பணமும் போகும்.

சங்கங்களின் இருப்புப் பதிவேட்டில் "டெலிபோன் பெட்டி – 1" என்னும் ஒரே வரியைத்தான் காண்கிறோம். நூல் கட்டுகளைக் கிலோக் கணக்கில் எழுதும் நாம், இதனை மட்டும் ஒரே வரியில் முடிப்பது முறையன்று. வாய் எண், எக்ஸ்டென்ஷன் எண், அறை, நிலை என நான்கு பத்திகளில் ஒரு பட்டியல் எழுதிப் பெட்டியின் கதவுக்குள் ஒட்டுக. பதிவேட்டில் ஒரு படி வைக்க. ஆண்டுதோறும் இருப்புச் சோதனையின்போது அதனையும் சரிபார்க்க. அப்பட்டியலின்றி "இடமில்லை" என்று வரும் எத்தீர்மானத்தையும் நிர்வாகக் குழு ஏற்றல் ஆகாது.

பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனைக் கேட்கலாம்; கேட்பது அவர்களது உரிமை. உள்ளதை எண்ணிப் பார்த்த பின்னரே இல்லாததை வாங்க வேண்டும். குடும்பத்துக்கு ஏற்ற இந்நெறியே கூட்டுறவுக்கும் ஏற்றது.