'ரத்தமே வரலையே' என்று விட்டுவிடாதீர்கள்!

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் பக்கம் போயிருக்கிறீர்களா? கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, நடுவில் புகுந்து போகும் பைக்குகள். அங்கே ஒருவர் விழுந்தால் தலையில் அடியா என்றுதான் பார்ப்போம். ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியிருந்தால்? 'ரத்தமே வரலையே' என்று சோடா வாங்கிக் கொடுப்போம்.

வயிற்றின் பின்பக்கம், முதுகெலும்பை ஒட்டி ஓடுகிறது கீழ்ப்பெருஞ்சிரை. கால்கள், சிறுநீரகம், கல்லீரலிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாய். தமனி போல இதில் அழுத்தம் இல்லை, சுவரும் மெல்லியது. கிழிந்தாலும் சில சமயம் சுற்றியுள்ள திசுக்கள் அழுத்த, உறைந்த ரத்தமே ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து பேசக்கூடும். அடைப்பு விட்டால் போச்சு.

ஆபரேஷனிலும் இதே கதைதான். வயிற்றைத் திறந்ததும் ரத்தம் பொங்கும். சர்ஜன் உடனே ஊசியை எடுப்பதில்லை. கிழிசலுக்கு மேலும் கீழும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகே தைக்கிறார். தைக்கவே முடியாமல் சிதைந்திருந்தால், சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழே என்றால் குழாயையே கட்டிவிடுவதும் உண்டு. கால் வீங்கும், உயிரைக் காப்பாற்ற அந்த விலை பரவாயில்லை. கல்லீரலுக்குப் பின்னால் கிழிந்தால்தான் கையே எட்டாது, அனுபவசாலிகளுக்கும் சோதனை.

எனவே சோடா, தண்ணீர், டீ எதுவும் வேண்டாம்; மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். 'வயிற்றில் அடி' என்று மறக்காமல் சொல்லுங்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு நிர்ணயித்த வரம்பு வரை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் உண்டு, பக்கத்து ரூமில் தங்கியிருக்கும் பீகார் தம்பிக்கும் உண்டு.