குறும்படம் விசிட்டிங் கார்டு அல்ல

டாக்கர் நகரத்து வண்டிக்காரன் ஒருவன் காலையில் குதிரையைப் பூட்டிக்கொண்டு பிழைப்புக்குக் கிளம்புகிறான். ஏறுகிறவர்களில் சிலர் காசு தருவதில்லை. இறந்துபோன கைக்குழந்தையோடு வந்த தகப்பன் ஒருவனை இடுகாட்டில் இறக்கிவிடுகிறான். பிறகு, கோட்டும் சூட்டும் போட்ட ஒருவரின் பேச்சை நம்பி, வண்டிகளுக்கு அனுமதியில்லாத வசதியானவர்களின் பகுதிக்குள் போகிறான். போலீஸ்காரர் வண்டியைப் பறித்துக்கொள்கிறார். வெறுங்கையோடு வீடு திரும்பியவனிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு வழிதேடி மனைவி வெளியே போகிறாள்.

1963-இல் செனெகல் எழுத்தாளர் உஸ்மான் செம்பேன் எடுத்த 'பொரோம் சாரெட்' படத்தின் கதை இவ்வளவுதான். ஓடும் நேரம் சுமார் 20 நிமிடம். அந்நாடு விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. கொடி மாறியும் ஏழையின் நாள் மாறவில்லை என்பதை இதைவிட நீட்டிச் சொல்ல வேண்டிய தேவையே செம்பேனுக்கு இருக்கவில்லை.

ஆனால், குறும்படம் என்றாலே அது பெரிய படத்துக்கான ஒத்திகை, தயாரிப்பாளரிடம் நீட்டுவதற்கான விசிட்டிங் கார்டு என்ற எண்ணம் எங்கும் ஊறிக்கிடக்கிறது. திறமையுள்ளவர் அதைக் காட்டி மேலே ஏறிவிடுவார், ஏறாதவருக்குச் சரக்குப் போதவில்லை என்பது அதன் மறுபாதி. இரண்டு பாதியும் தவறு. கறுப்பினச் சுயாதீனப் படைப்பாளிகளின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் அது அநீதியும்கூட.

அவர்களில் பலர் குறும்படம் எடுத்தது பயிற்சிக்காக அல்ல. மற்ற கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. காலனி நாடுகளில் படம் எடுக்க முன் அனுமதி வேண்டும் என்று 1934-இல் பிரெஞ்சு அரசு ஆணை போட்டது. அதனால் சொந்த மண்ணில் கேமராவை வைக்க முடியாத ஆப்பிரிக்க இயக்குநர் போலின் வியேராவும் நண்பர்களும் 1955-இல் பாரிஸ் வாழ் ஆப்பிரிக்கர்களைப் படம்பிடித்தார்கள். 'ஆஃப்ரிக் சூர் சென்' என்ற அந்தப் படம் 21 நிமிடம். அதை ஒத்திகை என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் இயக்குநர் ஜூலி டாஷின் கதை இன்னும் கசப்பானது. 1982-இல் அவர் எடுத்த 'இல்யூஷன்ஸ்' 34 நிமிடப் படம். கதை நடப்பது 1942-இல், ஒரு ஹாலிவுட் ஸ்டூடியோவில். வெள்ளைக்காரி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் கறுப்பினப் பெண் ஒருத்தி அங்கே அதிகாரியாக இருக்கிறாள். இன்னொரு கறுப்பினப் பெண், திரையில் வாயசைக்கும் வெள்ளை நடிகைக்காகப் பின்னணி பாடுகிறாள். குரல் வேண்டும், முகம் வேண்டாம் என்ற ஸ்டூடியோ நியாயத்தை அந்த ஒலிப்பதிவுக் காட்சி தோலுரித்துவிடுகிறது.

விசிட்டிங் கார்டு வாதம் உண்மையானால் டாஷுக்கு அடுத்த வாய்ப்பு ஓடி வந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' 1991-இல்தான் வந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஒருவர் இயக்கி, அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியான முதல் முழுநீளப் படம் என்ற பெருமை அதற்கு உண்டு. அதன் பிறகும் ஹாலிவுட் அவரை அழைக்கவில்லை. பல ஆண்டுகள் தொலைக்காட்சிப் படங்களோடு நிற்க வேண்டியிருந்தது. 'இல்யூஷன்ஸ்' அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றதோ 2020-இல், 38 ஆண்டுகள் கழித்து. இதில் குறைபட்டது யாருடைய திறமை?

இயக்குநர் ஸ்பைக் லீ ஏறவில்லையா என்று கேட்கலாம். ஏறினார். டீ ரீஸ் 2007-இல் எடுத்த 'பரையா' குறும்படம் 2011-இல் முழுநீளப் படமாகவும் ஆனது. ஆனால் 2008-இல் முதல் முழுநீளப் படத்தை முடித்த பேரி ஜென்கின்ஸ், அடுத்ததான 'மூன்லைட்' வருவதற்கு 2016 வரை காத்திருந்தார். பின்னர் அந்தப் படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய கைக்கே எட்டு ஆண்டு இடைவெளி. ஏறி வந்த ஒருசிலரைக் காட்டி, ஏணி நன்றாகத்தான் இருக்கிறது என்று சாதிப்பது நேர்மையாகாது.

ஆதரவு கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. மகளுக்குத் தலைவாரத் திணறும் ஒரு கறுப்பினத் தகப்பனைப் பற்றிய 'ஹேர் லவ்' அனிமேஷன் படத்துக்காக மேத்யூ செர்ரி 2017-இல் பொதுமக்களிடம் கேட்டது 75,000 டாலர். சேர்ந்தது 2,80,000 டாலருக்கும் மேல். ஏழு நிமிடத்துக்கும் குறைவான அந்தப் படம் 2020-இல் ஆஸ்கர் பெற்றது. கறுப்பினத்தவரின் இயல்பான தலைமுடியைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்று செர்ரி அந்த மேடையிலேயே பேசினார். 2010-இல் இயக்குநர் ஏவா டுவெர்னே தொடங்கிய பட வெளியீட்டு அமைப்பும், 2012 முதல் ஃபிலடெல்ஃபியாவில் நடக்கும் பிளாக்ஸ்டார் திரைப்பட விழாவும், ஆதரவு தானாக வராது, கட்டியெழுப்ப வேண்டும் என்று புரிந்துகொண்டவர்களின் உழைப்பு.

எனவே பார்வையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறும்படம் எடுத்த ஒருவரைச் சந்தித்தால், பெரிய படம் எப்போது என்று கேட்காதீர்கள். இந்தப் படத்தை எங்கே காசு கொடுத்துப் பார்க்கலாம் என்று கேளுங்கள். பார்த்தபின் இயக்குநர் பெயரைச் சொல்லி நாலு பேரிடம் பேசுங்கள். 'பொரோம் சாரெட்'டில் இருந்தே தொடங்கலாம். அதற்குத் தேவை 20 நிமிடம்.