தீர்ந்த கடனும் தீராத பதிவும்

சயான் என்னும் பெயர், எல்லை என்று பொருள்படும் 'சீவ்' என்ற மராத்திச் சொல்லிலிருந்து வந்தது என்பர். ஆங்கிலேயர் வசமிருந்த பரேல் தீவுக்கும் போர்த்துக்கீசியர் வசமிருந்த சால்செட் தீவுக்கும் இடைப்பட்ட எல்லையைக் காக்கவே, 17ஆம் நூற்றாண்டில் இங்குள்ள குன்றின்மேல் கோட்டை எழுந்தது. எல்லையின் பெயரைத் தாங்கிய இவ்வூரில் வாழும் நம்மவர் பலருக்கு, ஒன்றின் எல்லை மட்டும் புலப்படுவதில்லை. என்றோ அடைத்து முடித்த கடனைப் பற்றிய பதிவே அது.

சயானில் குடியிருந்து தாராவியில் தையற்கூடம் நடத்தும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய இருசக்கர வாகனக் கடனில் அவருக்குச் சில தவணைகள் தவறின. பின்னர் வட்டியுடன் முழுத்தொகையையும் செலுத்தி, நிலுவையின்மைச் சான்றும் பெற்றார். இன்று அவர் வீட்டுக்கடன் கேட்டு வரும்போது, கடன் அறிக்கையில் அக்கணக்கு இன்னமும் செலுத்தப்படாததாகவே நிற்கிறது. முற்காலத்தில் கடன் தீர்ந்த அன்றே புரோநோட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். இன்று தாள் நம் கைக்கு வந்துவிடுகிறது; பதிவோ வேறோரிடத்தில் உயிருடன் இருக்கிறது.

அப்பதிவின் வலிமையைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 ஜூனில் முடிவுற்ற ஒரு வழக்கு காட்டியது. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரிப் பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், கடன் அறிக்கையில் தவணை தவறிய விவரங்கள் இருந்தமையால் 2021இல் ரத்தானது. விளம்பரம் வெளிவரும் முன்பே கடன்களை அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டார். ஆயினும், திருப்பிச் செலுத்திய வரலாறே குறையின்றி இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையின்படி வங்கியின் முடிவை நீதிமன்றம் உறுதி செய்தது. உண்மையான பதிவுக்கே இத்துணை விளைவு உண்டெனில், பிழையான பதிவை எங்ஙனம் பொறுத்திருப்பது?

பிழைகள் நுழையும் வாயில்கள் பல. கடன் முடிந்ததைக் கடன் தந்த நிறுவனம் தெரிவிக்கத் தவறுவது முதலாவது. வங்கிகளின் இணைப்பு மற்றொன்று. தேனா வங்கியும் விஜயா வங்கியும் 2019 ஏப்ரல் 1 முதல் பரோடா வங்கியுடன் இணைந்தன. இவ்வாறு இணைந்த வங்கிகளின் பழைய கணக்குகளுக்கு இணைத்துக்கொண்ட வங்கியே பொறுப்பு என்பதை அறியாமல் பலர் அலைகின்றனர். தமிழர்க்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. தலைப்பெழுத்தோடு வாழ்ந்த நாம் மும்பையின் படிவங்களில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதுகிறோம். பான் அட்டையில் ஒரு வடிவமும் ஆதாரில் வேறு வடிவமும் அமைய, ஒருவர் கணக்கு இன்னொருவர் அறிக்கையில் ஏறிவிட இடமுண்டாகிறது.

சட்டம் நம் பக்கம் இல்லாமலில்லை. கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005, திருத்தம் கோரும் உரிமையை வாடிக்கையாளருக்கு அளித்து, 30 நாள் கெடுவும் விதித்தது. சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தருதல் வேண்டும். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி பிறப்பித்து, 2024 ஏப்ரல் இறுதியில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, 30 நாளில் தீராத முறையீட்டுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. திருத்திய விவரத்தை 21 நாளுக்குள் அனுப்பாவிடில் கடன் தந்த நிறுவனமும், அதன்பின் தாமதித்தால் தகவல் நிறுவனமும் அதனைச் செலுத்தவேண்டும்.

ஆகவே, நான்கு அறிக்கைகளையும் பெற்று ஒப்பிடுவோம். ஒன்றில் திருத்தியது மற்றொன்றில் திருந்தியிருக்கும் என்று கருதலாகாது. நிலுவையின்மைச் சான்று, கடைசித் தவணை செலுத்திய கணக்கு விவரம் ஆகியவற்றுடன் எழுத்து மூலம் முறையிட்டு, முறையீட்டு எண்ணைக் குறித்து வைப்போம். 30 நாளில் விடை வராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. வழிகாட்டலுக்கு 14448 என்ற எண் உள்ளது. கட்டணம் வாங்கிக்கொண்டு உண்மையான பழைய பதிவையே அழித்துத் தருவதாகச் சொல்வோரை நம்பவேண்டா. அத்தகைய ஆற்றல் எவருக்கும் இல்லை.

இவ்வளவும் சொன்னபின், நமது கருத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கடன் தீர்ந்ததைப் பதிவேட்டில் ஏற்றுவது கடன் கொடுத்தவரின் கடமை. தவணை தவறியதை விரைந்து அறிவிக்கும் கணினி, அது தீர்ந்ததையும் அதே விரைவில் அறிவித்தல் வேண்டும். வாடிக்கையாளர் சான்றைச் சுமந்து வந்து மெய்ப்பிக்கும் வரை காத்திருப்பது நேர்மையன்று. இதனை வங்கிகளாகிய நம் துறையினருக்கும் சேர்த்தே கூறுகிறோம். வீட்டுக்கடன் தீர்ந்தபின் சொத்துப் பத்திரத்தை 30 நாளில் திருப்பித் தராத நிறுவனம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தரவேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதியே. நற்பெயரும் ஒருவரது சொத்துத்தானே? அதனைத் திருப்பித் தரத் தாமதிப்பதற்கு 100 ரூபாய் போதுமா என்பது சிந்திக்கத்தக்கது.

உண்மையான பழைய தவறுக்கும் ஒரு முடிவெல்லை தெளிவாதல் நலம். அமெரிக்காவில் பெரும்பாலான பாதகப் பதிவுகள் 7 ஆண்டுகளிலும், பிரிட்டனில் 6 ஆண்டுகளிலும் அறிக்கையிலிருந்து விலகுகின்றன. நம் நாட்டு விதிமுறையிலும் 7 ஆண்டு என்ற சொல் உண்டு. ஆனால் அது தகவலைக் குறைந்தது எத்தனை ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பதைக் குறிப்பது. ஏழாண்டு கழிந்தால் தானே அழிந்துவிடும் என்று வாளாவிருப்போர் இதனை உணரவேண்டும்.

கடனைத் தீர்த்தவர் தலைநிமிர்ந்து நடக்கவேண்டும். அந்த உரிமையை முறையீடு செய்து பெறுவோம்; முறையீடு இன்றியே அது கிட்டும் நாளை வங்கிகள் விரைவில் கொணரட்டும்.