முள் காட்டும் மிச்சம்

பெட்ரோல் முள் தப்பாகக் காட்டுகிறது என்றால் உடனே மீட்டரை மாற்றச் சொல்கிறார்கள். பல வண்டிகளில் கோளாறு மீட்டரில் இல்லை, டேங்குக்குள் இருக்கிறது. சென்ற வாரம் தெருமுனைப் பட்டறையில் ஒரு பெரியவர் டேங்குக்குள் அளவைக் காட்டும் பாகத்தைக் கழற்றி வைத்து வேலை பார்த்ததை நின்று பார்த்தேன்: ஒரு மிதவை, மெல்லிய கம்பி, அதன் மறுமுனையில் மின்தடைப் பட்டை. பட்டையின் அழுக்கைத் துடைத்தார். பெட்ரோல் தீர்ந்த பிறகும் முள் மிச்சம் காட்டியதால், மிதவை மேலே வரும்படி கம்பியை ஒரு நூல் வளைத்தார். மிதவையைக் கையால் தாழ்த்தி, முள் அடியில் வந்து நிற்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். முழு டேங்கில் முள் கொஞ்சம் பிசகினால் குடிமுழுகிப் போகாது. அடிக்கோடுதான் முக்கியம் என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டரோடு ரிசர்வ் திருகும் போய்விட்டது; இனி முள்ளைத்தான் நம்ப வேண்டும். இந்த வண்டிகளின் டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். அடிக்கடி வற்றவிட்டால் பம்ப் பழுதாகும், செலவு ஆயிரங்களில் போகும். கம்பியை வளைக்கும் பொறுமையுள்ள மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால், தயவுசெய்து அவரிடமே போங்கள்.